கடல் தாண்டாதவர் கையில் பதினோரு சாவிகள்

காலை 5.40. சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து புதுச்சேரி வண்டி கிளம்பியது. இருநூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இருநூற்றுப் பத்து ரூபாய். புதுச்சேரி என்றதும் கடற்கரையையும் மஞ்சள் சுவர்களையும் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும். நான் கடல் பக்கமே போகவில்லை. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் ஏழுமலை என்பவரிடம் ஒரு பொய் சொன்னேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் போனேன்.

அந்தப் பொய்யால் அவரும் அவர் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை என்று போன ஐப்பசியில்தான் எனக்குத் தெரிந்தது. சேலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஏழுமலைக்குத் தூரத்துச் சொந்தமாக அமைந்து, பாயசத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே கிளம்பியிருக்கலாம். தீபாவளி போகட்டும் என்றேன், பொங்கல் போகட்டும் என்றேன், பிறகு பல்வலி. மாசியில்தான் வண்டி ஏறினேன். தள்ளிப்போடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

10.35. வளவனூர், கண்டமங்கலம், வில்லியனூர் தாண்டி ரெட்டியார்பாளையம் வந்தது. நான் இறங்க வேண்டிய இடம் அதுதான். இறங்கவில்லை. நெல்லித்தோப்பு வரை போய் இறங்கி, பழைய ஆபீஸ் இருந்த மாடியைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தேன். பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை அதிகம். கீழே இப்போது செல்போன் கடை. மேலே, அந்தக் காலத்தில், பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம் எல்லாவற்றையும் பிரெஞ்சில் மாற்றித் தரும் சின்ன ஆபீஸ். டைப் அடிப்பவன் நான். வயது இருபத்தைந்து.

ஏழுமலைக்கு அப்போது இருபத்து மூன்று. அண்ணன் தணிகாசலம் பாரிஸில் ஒரு ஓட்டல் சமையற்கட்டில் இருந்தார். தம்பிக்கும் அங்கேயே இடம் பிடித்து, முதலாளியின் கடிதத்தை எங்கள் ஆபீஸ் விலாசத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பினார். மற்ற பத்திரங்களை மொழிபெயர்த்து அதோடு சேர்த்துக் கட்ட வேண்டும். சொன்ன தேதிக்குள் ஆள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறு யாருக்கோ. தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்.

மறுநாள் மத்தியானம் ஏழுமலையின் அம்மா படியேறி வந்தார். முந்தானையில் வேர்க்கடலை முடிந்திருந்தார். அதை மேஜையில் கொட்டிவிட்டுச் சொன்னார்: "பெரியவன் போனது போவட்டும்ப்பா. சின்னவன வுட்டுடு. அப்பனுக்குப் பெரியவன், ஆத்தாளுக்குச் சின்னவன், அதான கொள்ளி முறை? எங்க ஊருல எத்தினி பொம்பளைக்கு பங்காளி புள்ள கொள்ளி வெச்சான் தெரியுமா? எனக்கும் அந்தக் கதி வாணாம்."

அப்பா இல்லாத வீட்டில் அம்மாவோடு வளர்ந்தவன் நான். உருகிவிட்டேன். உறையை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். ஏழுமலை தினமும் சைக்கிளில் வந்து, "வந்துச்சா சார்?" என்பார். "இன்னும் வரலை ஏழுமலை" என்பேன். மூன்று வாரம் இப்படியே சொன்னேன். தேதி போய்விட்டது. மறு வருஷம் எனக்குச் சேலத்தில் வேலை கிடைக்க, நானும் போய்விட்டேன்.

11.30. ஆட்டோ பிடித்து வந்த வழியே திரும்பினேன். இருநூறு கேட்டார், நூற்றைம்பதுக்கு வந்தார். ரெட்டியார்பாளையம் தாண்டி வலது பக்கம் உள்ளே ஒன்றரை கிலோமீட்டர். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. முன்பு வயலுக்கு நடுவே இருந்தது, இப்போது நகரம் வந்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டது.

"யாரு வூட்டுக்கு சார்? அங்க பாதி வூடு பூட்டிக்கினுதான் கெடக்கும்" என்றார் டிரைவர். "எல்லாம் பிரான்ஸ் பார்ட்டி."

"ஏழுமலைன்னு..."

"சாவி ஏழுமலையா? அத மொதல்லயே சொல்றதில்ல!"

ஊரில் நுழைந்ததும் பளிங்குப் படி வைத்த வீடுகள், பெரிய பூட்டுகள். ஒரு கதவின் நிலைக்கு மேல் பிரெஞ்சுப் பட்டாளத்து உடுப்பில் ஒரு சொல்தாவின் படம் இன்னும் தொங்குகிறது. பென்ஷன் வாங்கிய சிப்பாய்களை அங்கே சொல்தா என்றுதான் சொல்வார்கள். ஏழுமலை வாசலிலேயே இருந்தார். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"டைப் சார்தானே? நெல்லித்தோப்பு! அட, இன்னா சார் இம்மாம் நாளு கழிச்சு? வாங்க, வாங்க!"

கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. பூட்டிய வீடுகளைத் திறந்து பெருக்கி, குழாயைத் திறந்து விட்டு, விளக்கேற்றும் நாள். வீட்டுக்காரர்கள் அவரிடம் விட்டுப்போன பதினோரு சாவிகள் ஒரு பிஸ்கெட் டப்பாவில். நானும் கூடவே நடந்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை சொன்னார். இவர் பாட்டன் ரீயூனியன் தீவுக்குக் கரும்பு வெட்டக் கப்பலேறியவர், ஆள் திரும்பவில்லை, ஒரே ஒரு கடுதாசி வந்தது. அவர் தாத்தா சைகோனில் குமாஸ்தா. இந்த வீட்டுக்காரர், புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக்காரராகவே இருக்கிறேன் என்று ஆறு மாதக் கெடுவுக்குள் எழுதிக் கொடுத்தவர். எதிர் வீட்டுக்காரர் நாற்று நடவில் அதை மறந்துவிட்டு, சாகும்வரை தலையில் அடித்துக்கொண்டவர்.

2.00. அங்கே காலை ஒன்பதரை. ஏழுமலையின் போனில் வீடியோ கால் வந்தது. பாரிஸ் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர். "கெணத்தக் காட்டு ஏழுமல. தண்ணி தெரியுதா? அந்த மாமரத்தக் காட்டு." ஏழுமலை சலிக்காமல் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பெரியவர் மாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வைத்தார்.

ஏழுமலை வீட்டை ஒட்டியே இன்னொரு மாடி வீடு. சன்ஷேடில் பப்பாளிச் செடி முளைத்திருந்தது. பூட்டு துருப்பிடித்திருந்தது. அதை மட்டும் அவர் திறக்கவில்லை.

"அண்ணன் வூடு. அந்தச் சாவி நான் வாங்கல" என்றார். "எனக்குக் கடுதாசி அனுப்பிட்டேன்னு சத்தியம் பண்ணான் சார். அனுப்பியிருந்தா ஒங்ககிட்ட வந்திருக்குமே? தம்பிய வுட்டுட்டு, அந்த எடத்துல மச்சானக் கொண்டாந்து வெச்சிட்டான். அண்ணி வேல. அப்பத்துலேந்து பேச்சு கெடையாது."

இனியும் தள்ளிப்போட்டால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. "ஏழுமலை, உங்க அண்ணனுக்கு ஒரு போன் போடுங்க. உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"அண்ணன் தை மாசம் செத்துட்டான் சார். மாரடைப்பு. காரியத்த போன்ல காட்டறேன்னாங்க. நான் பாக்க மாட்டேன்னுட்டேன்."

தை மாதம் எனக்குப் பல்வலி. பூட்டிய அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உறையை, டிராயரை, மூன்று வாரத்தை. யார் கேட்டு அப்படிச் செய்தேன் என்பதையும்.

அவர் கத்தவில்லை. சாவி டப்பாவை மூடித் திண்ணை மேல் வைத்தார். யாருக்கோ போன் செய்து அண்ணியின் நம்பர் வாங்கினார். அழைத்து, மணி அடிக்க ஆரம்பித்ததும் போனை என் கையில் திணித்தார். "நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா ஏதோ புதுசா நாடகம் ஆடறேன்னு நெனைப்பாங்க."

அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், லைன் போய்விட்டதோ என்று போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அனுப்புன ரசீது அவரு பர்சுலயே இருந்துச்சுங்க" என்றார். "தம்பி என்னிக்காவது வந்து கேட்டா காட்டணும்னு வெச்சிருந்தாரு. பர்சு மாத்தும்போதெல்லாம் அதையும் எடுத்து மாத்துவாரு. சட்டப் பையில அந்தப் பர்சோடதான் எரிச்சோம்." பிறகு, "ஏழுமலை பக்கத்துல இருக்கானா? குடுங்க" என்றார்.

ஏழுமலை போனை வாங்கி, "அண்ணி" என்றார். அழ ஆரம்பித்தார். அந்தப் பக்கமும் அழுகைதான் கேட்டது.

4.15. கிளம்பினேன். தெருமுனை வரை கூட வந்தார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பாரிசு போவாட்டியும், அம்மாவுக்கு என் கையால கொள்ளி வெச்சேன்னு ஒரு நிம்மதி இருந்துச்சு சார். அவங்க சாவற வரைக்கும் ஒரு நாளு வுடாம, அண்ணன் பண்ண துரோகத்தச் சொல்லி அவங்க மடியிலதான் அழுதேன். தலையத் தடவிக் குடுத்துக்கினே கேட்டாங்க. ஒண்ணும் தெரியாத மாதிரி." முனையில் தெரிந்த ஆட்டோவுக்குக் கை காட்டினார். "அண்ணன் நல்லவன்னு தெரிஞ்சிச்சு, சரி. இப்ப அம்மா படத்துக்கு முன்னாடி நான் யார நெனச்சிக்கினு வெளக்கேத்தறது?"

ஆட்டோ வந்தது. ஏறிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்று நம்பித்தான் சேலத்திலிருந்து அவ்வளவு தூரம் போனேன். குறைந்தது. இறக்கி வைத்தது முழுக்க அவர் தலையில்.