சிம்பன்சித் தீவுக்குப் போன பனியுடுப்பு

டென்மார்க்கில் தமிழர் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களை அமைச்சு கிடப்பில் போட்டிருந்த காலம். நான் அங்கே ஹேர்னிங் நகரில், துணித் தொழிற்சாலையில். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில், குண்டுக்குள். பொறுத்துப் பார்த்து, கள்ளமாய் ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்தேன். அவன் இருவரையும் மேற்கு ஆபிரிக்காவில், காம்பியாவில் இறக்கிவிட்டு, "இந்தக் கிழமைக்குள்ளை டென்மார்க்குக்குப் பிளேன் ஏத்திறன் அண்ணை" என்றான்.

நானும் ஒரு மடையன்! டெனிஷ்காரர் வெயில் காயப் போகிற மலிவு விமானத்தில், மகளுக்குச் சிவப்புப் பனியுடுப்பு ஒன்றும் வாங்கிக்கொண்டு பறந்தேன். போய்ப் பார்த்தால் ஏஜென்சிக்காரனைக் காணவில்லை.

பொலிஸுக்குப் பயந்து மனைவி அறையை விட்டு வெளிக்கிடமாட்டாள். சுற்றுலாக்காரரோடு போனால் யாரும் மறிக்கமாட்டார்கள் என்று கெஞ்சி, தேசியப் பூங்கா பார்க்கக் கூட்டிப்போனேன். அந்தக் கொதிக்கிற வெயிலிலும் மகள் பனியுடுப்பைக் கழற்றவில்லை.

"இதைப் போட்டால்தானே, மாமா, டென்மார்க்குக்கு ஏத்துவினம்?"

வயிற்றில் இருந்தபோது விட்டுவந்த பிள்ளை. நான் அவளுக்கு மாமாதான்.

படகில் வழிகாட்டி சொன்னான்: வேட்டைக்காரர் தாயைச் சுட்டுக் குட்டியை விற்கிறார்கள், இந்த நாட்டுக் காட்டில் சிம்பன்சியே இல்லாமல் போய்விட்டது, மீட்டு வந்தவற்றை ஆற்று நடுவில் இந்தத் தீவுகளில் விட்டிருக்கிறோம். எதிரே இருந்த டெனிஷ் அம்மா கண்ணைத் துடைத்தாள். பிறகு சிரித்தபடி, "குடும்பத்தோடு டென்மார்க்கில் எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

"நான் மட்டும்தான் இருக்கிறேன். ஏனென்று உங்கள் அமைச்சைக் கேளுங்கள்" என்று டெனிஷில் வெடுக்கென்று சொன்னேன். அவள் முகம் சிவந்து சிம்பன்சிப் பக்கம் திரும்பிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குரங்குகளில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

கரையில் ஒரு தாய் குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தது.

"அதுகள் ஏன் நீந்திப் போகேல்லை?" என்றாள் மகள்.

"நீந்தத் தெரியாது, குஞ்சு."

"தெரிஞ்சாலும் அக்கரையிலை ஆர் ஏத்துறது?" என்றாள் மனைவி.

நான் தனியே திரும்புகிற நாள் மகள் நித்திரையாய்க் கிடந்தாள். மனைவி பனியுடுப்பை மடித்து என் பைக்குள் வைத்தாள். "கொண்டு போங்கோ. நாங்கள் வரேக்குள்ளை இவளுக்கு அளவு காணாது."

பனிக்காலங்கள் போயின. விண்ணப்பங்கள் ஒருவழியாய் அசைந்து, அவர்கள் ஹேர்னிங்குக்கு வந்தார்கள். வாசலில் கொளுவியில் தொங்கிய அந்தச் சிவப்பு உடுப்பை மகள் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, இது ஆரின்ரை?"