ஐந்தரைக் கட்டை

பாபநாசத்தில் ஓர் இலக்கிய மன்றத்துக்குத் தேக்கில் இழைத்த போடியம் ஒன்று உண்டு. முகப்பில் கோபுரம் செதுக்கி, கோபுரத்துக்கு மேல் குத்துவிளக்கு செதுக்கி, விளக்குக்கு மேல் நன்கொடையாளர் பெயரையும் செதுக்கியதில் அதன் உயரம் நாலரை அடியைத் தாண்டிவிட்டது. போன ஐப்பசியில் மன்றத்தின் ஆண்டு விழாவில் அதன் பின்னால் போய் நின்றவர் தஹ்மீனா. மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியை. பட்டிமன்றப் பேச்சில் சுற்றுவட்டாரத்தில் பெயர் வாங்கியவர். உயரம் நாலடி ஒன்பது அங்குலம்.

சபைக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மைக்கும், அதற்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சை முக்காடும்தான். "குரல் வருது, ஆளைக் காணோமே" என்றார் தலைவர், அவர் கையிலும் ஒரு மைக் இருந்ததால். கூட்டம் சிரித்தது. நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்த கணவர் ஜாஃபர் சாதிக்கும் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பக்கத்தில் இருப்பவன் கொட்டாவி விட்டால் நமக்கும் வருகிறதே, அந்த மாதிரிதான். தஹ்மீனா இருபது நிமிடம் பேசினார். நன்றாகவே பேசினார். என்ன பேசினார் என்று கேட்டால் வந்திருந்த இருநூறு பேரில் ஒருத்தருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். "இனிமே யாராச்சும் பேசக் கூப்பிட்டா, நான் ஊர்ல இல்லன்னு சொல்லிடுங்க."

ஜாஃபர் சாதிக் அந்தத் தலைவரை ஒரு பிடி பிடிக்க ஆரம்பித்தார். மனுஷனுக்கு இங்கிதம் வேண்டாமா, படித்தவர்தானே என்று சுருதி ஏறிக்கொண்டே போனது. தஹ்மீனா குறுக்கே புகுந்தார்.

"அவர் சிரிச்சா எனக்கென்ன. உங்க சிரிப்பும் கேட்டுச்சு. இருபத்திரண்டு வருஷமா கேக்குற சிரிப்பு, கூட்டத்துல இருந்தா தெரியாதா?"

அந்த வீட்டில் பேச்சு முழுக்க தஹ்மீனா பக்கம், அலுமினியம் முழுக்க ஜாஃபர் சாதிக் பக்கம் என்று என்றைக்கோ பாகம் பிரித்தாகிவிட்டது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, ஷார்ஜாவில் பதினோரு வருஷம் முப்பதாவது மாடிகளுக்கு ஜன்னல் மாட்டியவர். திரும்பி வந்து கும்பகோணம் சாலையில் உரக்கடைக்கும் போர்வெல் ஆபீசுக்கும் நடுவில் பட்டறை போட்டார். ஜன்னல், தடுப்பு, கொசுவலைக் கதவு. வயல்காட்டு ஊரில் கொசுவலைக் கதவுக்கு என்றைக்கும் கிராக்கி உண்டு. உலகத்தில் எந்தப் பிரச்சினையையும் டேப்பை நீட்டி அளந்துவிட்டால் பாதி தீர்ந்தது என்பது அவர் கட்சி. ஆகவே மன்னிப்பையும் அலுமினியத்திலேயே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்.

அதாவது, தஹ்மீனாவுக்கு என்று ஒரு ஸ்டாண்ட். எந்த மேடைக்குப் போனாலும் கையோடு கொண்டுபோகிற மாதிரி. தஹ்மீனா போவது ஸ்கூட்டியில் என்பதால் மடக்கினால் அது ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் அடங்க வேண்டும். திறந்தவெளி மேடையில் காற்றுக்குக் குறிப்புத்தாள் பறக்கக் கூடாது. முன்பக்கத்தில் பலகை, கோபுரம், நன்கொடையாளர் எதுவும் கூடாது. ஒரு குழாய், மேலே ஒரு தட்டு, கீழே மூன்று கால், அவ்வளவுதான். எல்லாவற்றையும் விட முக்கியம், அடி தாங்க வேண்டும். பட்டிமன்றத்தில் மேசையைத் தட்டாமல் ஒரு வாதத்தை யாரும் நம்புவதில்லை. தஹ்மீனா ஒரு வாதத்துக்கு மூன்று தடவை தட்டுவார்.

முதலில் செய்ததில், உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்று குழாய்க்குள் குழாய் விட்டு, திருகி இறுக்குகிற பூட்டு வைத்திருந்தார். பரீட்சை பார்க்க தஹ்மீனா வரமாட்டார் என்பதால் தானே நின்று, தினசரியில் வந்த வானிலைச் செய்தியை உரக்கப் படித்துத் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்டாண்ட் ஓர் அங்குலம் இறங்கியது. படிப்பவரும் கூடவே இறங்கினார். வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி இலங்கையை நெருங்கும்போது ஜாஃபர் சாதிக் மண்டியிட்டிருந்தார். பாத்ரூம் கதவு விசாரிக்க வந்த ஒருவர் இதை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து மரக்கட்டைகள். நாலு அங்குல நீளத்துக்கு உருட்டுக்கட்டைகளாக நறுக்கி, வெளிக்குழாய்க்குள் போட்டார். ஒரு கட்டை போட்டால் உள்குழாய் நாலு அங்குலம் உயரும். இரண்டு போட்டால் எட்டு. இப்போது எப்படி அடித்தாலும் அசையவில்லை. ஆனால் கட்டைகளைத் தனியே ஒரு பையில் போட்டுத் தூக்க வேண்டியிருந்தது. ஸ்கூட்டியில் போனால் அது விறகு வண்டி மாதிரி சத்தம் போட்டது. கட்டையை எடுத்துவிட்டு, உள்குழாயில் நாலு அங்குலத்துக்கு ஒரு ஓட்டை போட்டு, குறுக்கே ஒரு பின் செருகினார். காரியம் முடிந்தது. கட்டை போய்விட்டாலும் கணக்குப் போகவில்லை. முதல் ஓட்டை ஒரு கட்டை, அடுத்தது இரண்டு கட்டை என்று ஆறு வரை அவர் வாயில் நின்றுவிட்டது. இரண்டு கட்டை என்றால் மூன்றடி இரண்டு அங்குலம், தஹ்மீனாவுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்.

மார்கழிக் கடைசியில் குத்தாலத்திலிருந்து போன் வந்தது. அங்கே ஓர் அறக்கட்டளையின் பொங்கல் விழா. செயலாளர் சிவசங்கரன், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டிமன்றத்துக்கு டீச்சர் வருவார்களா என்று கேட்டார். ஊரில் இல்லை என்று சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. "வருவாங்க சார். ஸ்டாண்டும் நாங்களே கொண்டாந்துடுறோம்" என்று ஜாஃபர் சாதிக் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. மூன்றாம் நாள் தஹ்மீனா வாய் திறந்தார்.

"போறேன். வாக்குக் கொடுத்துட்டீங்க, வேற வழியில்ல. ஆனா இதுதான் கடைசி. அங்கயும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்கன்னா, அத்தோட பேச்சை விட்டுடுவேன். அப்புறம் நீங்களும் கேக்கக் கூடாது."

ஜாஃபர் சாதிக் சரி என்றார். தஹ்மீனா பேச்சை விட்டுவிட்டால் தன் சிரிப்பும் அதற்கு ஒரு காரணமாகக் கடைசிவரை நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

விழாவுக்கு முதல் நாள் சிவசங்கரன் மறுபடி கூப்பிட்டார். பட்டிமன்றத்துக்கு முன்னால் மதுவந்தி என்பவரின் பாட்டுக் கச்சேரி. அந்த அம்மா முன்னால் புத்தகம் வைத்துக்கொண்டு பாடுகிறவர். பாய் கொண்டுவருகிற ஸ்டாண்டை அவருக்கும் கொஞ்சம் போட்டுக்கொடுக்க முடியுமா? ஜாஃபர் சாதிக்குக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வித்வான்களுக்கே தன் ஸ்டாண்ட் போகிறது. தொழில்காரர் என்ற முறையில் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"அவங்களுக்கு எத்தனை கட்டை சார் வைக்கணும்?"

"அஞ்சரை" என்றார் சிவசங்கரன், யோசிக்காமல்.

"அஞ்சரையா? நல்லாத் தெரியுமா சார்?"

"நல்லாத் தெரியும் பாய். அஞ்சு வெச்சா அவங்களுக்குப் பத்தாது. அஞ்சரைதான்."

சுருதிப்பெட்டியையும் பாயே பார்த்துக்கொள்கிறார் போலிருக்கிறது என்று சிவசங்கரன் மகிழ்ந்துபோனார். பாடுகிறவர்கள் தங்கள் குரலின் சுருதியைக் கட்டையில் சொல்வார்கள் என்பது ஜாஃபர் சாதிக் கேள்விகூடப் பட்டிராத விஷயம். தமிழாசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர்தான் அவசியத்துக்கு மேல் பேசுவதில்லையே. நல்ல உயரமான பொம்பளை போல, நின்றுகொண்டு பாடுவார் போல என்று நினைத்துக்கொண்டார். ஸ்டாண்டில் அரைக் கட்டை கிடையாது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் புதிதாக ஓட்டை போட உட்கார்ந்தார். அவசரத்தில் டிரில் நழுவி ஓட்டை மேல்பக்கமாக நீளமாகிவிட்டது. குழாயை மாற்ற வேண்டும் என்பது ஃபிட்டர் படித்த யாருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்தது. பட்டறையில் அந்த அளவில் வேறு குழாய் இல்லை.

மறுநாள் மதியம் தஹ்மீனா ஓட்ட, காலடியில் ஸ்டாண்ட், பின்னால் ஜாஃபர் சாதிக்குமாகக் குத்தாலம் போனார்கள். சம்பா அறுவடை நேரம். வழி முழுக்க அறுவடை மெஷினுக்கு ஒதுங்கி ஒதுங்கி, போய்ச் சேரும்போது இரண்டு பேர் தலையிலும் பதர். பாய் ஸ்டாண்ட் கொண்டுவருகிறார் என்ற தைரியத்தில் அங்கே வேறு போடியம் ஏற்பாடு செய்யவில்லை. ஜாஃபர் சாதிக் ஸ்டாண்டை ஐந்தரைக் கட்டைக்கு ஏற்றி மேடை நடுவில் நிறுத்திவிட்டு, கீழே வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்.

திரை விலகியது. மதுவந்தி வந்து, கும்பிட்டு, ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தலைக்கு மேல் இரண்டு அடி உயரத்தில் ஒரு தட்டு நின்றது. அவர் நிமிர்ந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. அப்புறம் அந்த அம்மா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். யாரோ ஸ்டாண்டை ஓரமாகத் தள்ளிவைத்தார்கள். ஜாஃபர் சாதிக் குனிந்தபடியே போய்ச் சிவசங்கரனின் காதில், அஞ்சரை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டார். "அது சுருதி பாய்" என்றார் சிவசங்கரன். அவர் முகம் செத்துவிட்டது. பாவம், இரண்டு பேர் பேரிலும் தப்பில்லை.

கச்சேரி முடிந்ததும் பட்டிமன்றம். இல்லறத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பவர் கணவனா, மனைவியா என்பது தலைப்பு. மனைவியே என்று பேச முதலில் வந்தவர் பரணிதரன், ஆறடி ஒரு அங்குலம். ஓரமாக நின்ற ஸ்டாண்ட் தன் நெஞ்சுக்கு நேராக இருப்பதைப் பார்த்து, அதை அப்படியே நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜாஃபர் சாதிக் இறக்கிவைக்க எழுந்திருப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். நல்ல பேச்சாளர். பெண்ணைத் தாழ்த்திய காலம் போதும், இனி உயர்த்துவோம் என்று ஓங்கி ஒரு குத்து விட்டார். ஓட்டை கிழிந்து, தட்டு இரண்டு அங்குலம் கீழே உட்கார்ந்தது. பின் வளைந்து அங்கேயே சிக்கிக்கொண்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கைத்தட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அடுத்து, கணவனே என்று பேச தஹ்மீனா. எழுந்து போய் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றார். தட்டு அவர் மூக்குக்கு நேரே இருந்தது.

ஜாஃபர் சாதிக் குறடோடு மேடைக்கு ஓடினார். இழுத்தார், தட்டினார், திருகினார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். பின்னால் எங்கேயோ ஒரு சிரிப்புக் கிளம்பி அடங்கியது. தஹ்மீனாவின் முகத்தைப் பார்க்கிற தைரியம் ஜாஃபர் சாதிக்குக்கு வரவில்லை. முடிந்தது என்று நினைத்தார்.

"விடுங்க" என்றார் தஹ்மீனா. "எடுத்துக்கிட்டுக் கீழ போங்க."

அவர் ஸ்டாண்டைக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார். தஹ்மீனா இரண்டடி தள்ளிப் போனார். கச்சேரியின் ஜமக்காளம் இன்னும் எடுக்கப்படாமல் கிடந்தது; பாட்டுக்காக வைத்த தாழ்வான மைக்கும் இருந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மதுவந்தி உட்கார்ந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பட்டிமன்றத்தில் யாரும் தரையில் உட்கார்ந்து பேசிக் கேள்விப்பட்டதில்லை. நடுவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"அவையோருக்கு வணக்கம். விட்டுக்கொடுக்குறது மனைவிதான்னு ஐயா பரணிதரன் சொன்னாங்க. சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒரு மனைவியோட ஸ்டாண்டை உடைச்சுட்டாங்க."

கூட்டம் சிரித்தது. பரணிதரனே சிரித்தார். தஹ்மீனா மேடைப் பலகையில் மூன்று தட்டுத் தட்டினார். பந்தல் அதிர்ந்தது.

"மூணாவது வரிசையில அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவர்தான் என் வீட்டுக்காரர். எங்க ஊர் மேடையில நான் ஆளே தெரியலன்னு இருநூறு பேர் சிரிச்சாங்க. அதுல அவரும் ஒருத்தர். மன்னிப்புக் கேக்க அவருக்குத் தெரியாது. மூணு மாசமா இதைச் செஞ்சார். சிரிச்சவங்க இருநூறு பேரு. அதுக்காகக் குனிஞ்சு வேலை பார்த்தது இவர் ஒருத்தர்தாங்க."

ஐந்நூறு தலைகள் திரும்பி ஜாஃபர் சாதிக்கைப் பார்த்தன. முதலில் சிரிப்பு, அப்புறம் கைத்தட்டு. அவர் மடியில் ஒரு காலும் தோளில் ஒரு காலுமாக ஸ்டாண்டை வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தட்டையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. இத்தனை பேர் தன்னைப் பார்த்துச் சிரித்ததில் அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்தது அதுவே முதல் தடவை. தஹ்மீனா மேற்கொண்டு அரைமணி நேரம் பேசினார். குறிப்புத்தாளை எடுக்கவே இல்லை.

கணவனும் மனைவியும் சமமாக விட்டுக்கொடுக்கிறார்கள் என்று நடுவர், நடுவர்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி முடித்தார். கீழே இறங்கியதும் திருத்துறைப்பூண்டிக்காரர் ஒருவர் தஹ்மீனாவைப் பிடித்துக்கொண்டார். மாசியில் அவர்கள் ஊரில் விழா, டீச்சர் வந்து இதே மாதிரி உட்கார்ந்து பேச வேண்டும், புதுமையாக இருக்கிறது என்றார்.

"வர்றேன்" என்றார் தஹ்மீனா. "ஆனா உக்காந்து பேச மாட்டேன். நின்னுதான் பேசுவேன்."

பிறகு ஜாஃபர் சாதிக் பக்கம் திரும்பினார். "புதுக் குழாய் வாங்கிப் போட்டுடுங்க. எனக்கு ஸ்டாண்ட் எவ்வளவு உயரம்னீங்க?"

"மூணடி ரெண்டங்குலம்."

"அங்க ஒரு ஓட்டை போடுங்க. போதும்."

"மத்தவங்க பேசணும்னா?"

"அவங்க வேற செஞ்சுக்கட்டும்."

மறுநாள் காலையில் ஜாஃபர் சாதிக் பட்டறையைத் திறந்ததும் புதுக் குழாயை அளந்து வெட்டினார். மூன்றடி இரண்டு அங்குலத்துக்கு ஒரே ஓர் ஓட்டை போட்டார்.