அறுக்காமல் திரும்பிய அரிவாள்கள்

என் கணவர் கொழும்பில் வேலை பார்த்ததால், ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் இருந்த எங்கள் வயலை நான்தான் கவனித்தேன். குத்தகைக்கு உழுத கருப்பையா இரண்டு வருடமாக நெல் அளக்கவில்லை. கேட்டால், "கம்மாத் தண்ணி பெருகலையே தாயி" என்பார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த வருடம் கதிர் முற்றியதும், அவருக்குச் சொல்லாமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு விடியலில் வயலுக்குப் போய்விட்டேன்.

ஆட்கள் வரப்பை விட்டு இறங்கவில்லை. விதைத்தவர் வீட்டார்தான் முதல் பிடி கதிரை நாள் கதிராக எடுத்துத் தங்கள் நிலைப்படியில் கட்ட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். "அவுக நாள் கதிர் எடுக்காம நாங்க அருவா வைக்க மாட்டோம்" என்றாள் அறுக்க வந்த முனியம்மா. கத்திப் பார்த்தேன். யாரும் அசையவில்லை.

அந்த வழியாக வந்த ஊர்க் கணக்குப்பிள்ளை சைக்கிளை நிறுத்தினார். "குத்தகைக்காரர் போட்ட பயிரை அறுத்தா கதிர் திருட்டுக் கேசுல நீங்கதாம்மா கோர்ட்டுப் படி ஏறணும். பாக்கிக்கு ரெவின்யூ கோர்ட்டுல மனுப் போடுங்க. அவருக்குத் தவணை குடுப்பாக. அதுக்கும் அளக்கலைன்னா நிலத்தை மீட்டுக்கிறலாம்." ஆட்களைக் கூட்டிக்கொண்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பினேன்.

மனுப் போட்டேன். தவணைக்குள் கருப்பையா களத்திலேயே பாக்கியை அளந்தார்.

இப்போதும் குத்தகை நின்றால் கோபம் வரத்தான் செய்கிறது. முதலில் போய் வயலைப் பார்க்கிறேன். விளைந்தும் அளக்காவிட்டால் மனு. நாள் கதிர் அவர் வீட்டு நிலைப்படி ஏறும்வரை, என் வீட்டு அரிவாள் கூரை எரவாணத்தை விட்டு இறங்காது.