நாற்பத்தேழாம் ஆணி

முதல் எபிசோடைப் பார்த்து முடித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். பழைய காலத்து நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீசில் நடக்கிற தொடர் அது. தொழிலாளிகள் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள், எப்போது வெளியே வந்தார்கள் என்று குறித்து வைக்கிற அறைக்குத்தான் டைம் ஆபீஸ் என்று பெயர். அங்கே கிளார்க்காக வருகிற பெண் தலைகொள்ளாமல் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்குகிறாள். நான் பதினாறு வருடம் அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் அதே வேலை பார்த்தவள். ஷிப்டு ஏறுகிற நேரத்தில் அந்த ஜன்னலில் காற்றா வரும்? ஒரே சமயத்தில் இருபது கை வரும், பீடி நாற்றம் வரும், "சீக்கிரம் குடும்மா" என்று அதட்டல் வரும். வைத்த பூ மத்தியானத்துக்குள் தூசி படிந்து வெள்ளை நாராகிவிடும்.

இதை அப்படியே அந்தத் தொடரின் ரசிகர்கள் கூடுகிற ஃபேஸ்புக் குழுவில் எழுதிப் போட்டேன். நல்ல வரவேற்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் புது எபிசோடு வரும். நான் இப்போது பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறேன். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தால் என் கச்சேரி ஆரம்பித்துவிடும். 'வராதவனுக்குச் சிவப்பு மையில் எழுத வேண்டும், இந்தப் பெண் எல்லாருக்கும் நீல மையில் எழுதுகிறாள்.' 'சங்கு ஊதிய பிறகு எந்த டைம் ஆபீசிலும் கதவு திறந்திருக்காது.' யாரோ ஒருவர் எனக்கு 'டைம் ஆபீஸ் அம்மா' என்று பெயர் வைத்துவிட்டார். இந்த வயதில் பாராட்டு கிடைத்தால் கசக்கவா செய்யும்? அடுத்த எபிசோடில் என்ன தப்பு அகப்படும் என்று நோட்டுப் புத்தகத்தோடு உட்கார ஆரம்பித்தேன்.

நான் தனியாக உட்கார்ந்து பார்த்திருந்தால் அது என் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். கூட அவளும் உட்கார்ந்தாள்.

அவள் செந்துறைப் பக்கத்துக் கிராமத்துக்காரி. என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அரியலூரில் என் வீட்டுக்கு வருவாள், சேர்ந்து சமைப்போம், சாப்பிட்டுவிட்டு டிவி பார்ப்போம். என்னை 'அக்கா' என்பாள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர் உண்டு. அவர்களைவிட இவள்தான் எனக்கு நெருக்கம். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

அவளுடைய புருஷன் எங்கள் குவாரியில் துளைபோடும் பிரிவில் வேலை பார்த்தவன். பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு காலை ஷிப்டில், பாறை முகப்பு சரிந்து செத்துப்போனான். அவன் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்றும், குடித்துவிட்டுப் பின்பக்கமாகக் குழிக்குள் இறங்கியிருக்கிறான் என்றும் அவளிடம் சொன்னார்கள். டைம் ஆபீஸ் பதிவேட்டிலும் அப்படித்தான் இருந்தது. எழுதியவள் நான்.

வேலைக்கு வராதவன் என்று ஆனதால் நஷ்டஈடு கிடைக்கவில்லை. ஆனால் அவள் இழந்ததில் அது ஒரு பங்குதான். அவன் சாவதற்கு நான்கு மாதம் முன்னால், மகள் தலையில் கை வைத்து, இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறான். அன்றைக்குக் காலை அவள் கையால் தூக்குவாளியில் சோறு வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறான். ஆக, சத்தியமும் பொய், சோறு வாங்கிப் போனதும் நாடகம் என்று அவளுக்கு ஆகிவிட்டது. பதினோரு வருடமும் அவனை 'அந்த ஆளு' என்றுதான் சொல்வாள். "அந்த ஆளு பெத்த புள்ள தலையிலயே கைய வச்சு ஏமாத்திட்டுப் போயிட்டான்க்கா." அமாவாசைக்கு அமாவாசை ஊரெல்லாம் செத்தவர்களுக்கு இலை போடும். அவள் வீட்டில் போட மாட்டாள். போட்டோவைக்கூட டிரங்குப் பெட்டியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

அவன் இறந்த மூன்றாம் மாதம், அதிகாரியிடம் மன்றாடி அவளுக்கு, டைம் ஆபீசிலிருந்து தள்ளி ரோட்டோரம் இருந்த மெயின் ஆபீசில் கூட்டிப் பெருக்கும் வேலை வாங்கிக் கொடுத்தவள் நான். குவாரி மூடுகிற வரைக்கும் அங்கேதான் இருந்தாள். "அக்கா இல்லன்னா நான் நடுத்தெருவுல நின்னுருப்பேன்" என்று ஊர் முழுக்கச் சொல்லுவாள்.  நானும் மறுக்காமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாவது எபிசோடில்தான் என் வாய் சும்மா இருக்கவில்லை. நூற்பாலையில் தொழிலாளி ஒருவன் தன் பித்தளை டோக்கனைத் தானே பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போவதாகக் காட்டினார்கள். "சுத்த அபத்தம்" என்று டிவியை நிறுத்தினேன். அவளுக்குப் பாடம் எடுத்தேன்.

"இங்க பாரு. ஆளுக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு ஆணி. ஆணியில டோக்கன் தொங்குனா ஆளு வெளிய. ஆணி காலியா இருந்தா ஆளு உள்ள. வெடி வைக்கறதுக்கு முன்னாடி காலி ஆணிய எண்ணிப் பாத்துத்தான் சங்கு ஊதச் சொல்லுவோம். அவ்வளவு பெரிய விஷயம் அது. எவன் இஷ்டத்துக்கும் எடுக்க முடியுமா?"

"அப்ப யாருக்கா எடுப்பா?"

"நான் எடுத்து ஜன்னல் வழியா குடுப்பேன். சாயங்காலம் பெட்டியில போட்டுட்டுப் போவானுங்க, நான்தான் மாட்டுவேன். அந்தப் பலகையில என் கை தவிர வேற கை படாது."

பெருமை பேசுகிறவளுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மழை வந்தது என்ற காரணம் இருக்கிறது.

மூன்றாம், நான்காம் எபிசோடுகள் நன்றாகவே போயின. மேனேஜர் வாயில் வெற்றிலையோடு இங்கிலீஷ் பேசுகிற காட்சியில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான்காவது முடிந்ததும் அடுத்த வாரத்துக்கு ஒரு துண்டு காட்டினார்கள். ஆலைக்குள் விபத்து. கிளார்க் பெண்ணின் உள்ளங்கையில் ஒரு டோக்கன். அவ்வளவுதான் காட்டினார்கள், எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த வாரம் பஸ்ஸில் ஒரு வரிகூட எழுதவில்லை. 'அம்மாவைக் காணோமே' என்று குழுவில் இரண்டு பேர் விசாரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்ததும், "நெட்டு வரல, இன்னைக்கு டிவி கெடையாது" என்றேன்.

"என் போன்ல இருக்குக்கா. மக ரீசார்ஜ் பண்ணி உட்டுருக்கு. அதுல பாப்போம், அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம வாரம் பூரா மண்டை காயுது."

சின்னத் திரை. இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார வேண்டியிருந்தது. மேனேஜர் மேசையைக் குத்திக் கத்துகிறார், செத்தவனின் டோக்கனைப் பலகையில் மாட்டச் சொல்கிறார். கிளார்க் பெண் அழுகிறாள், மாட்டேன் என்கிறாள், வயலின் கதறுகிறது. கடைசியில் நடுங்குகிற கையால் மாட்டுகிறாள். இப்போது ஆணியில் டோக்கன் இருக்கிறது, ஆகவே அவன் வேலைக்கு வரவில்லை.

அந்த அழுகையைப் பார்த்ததும் எனக்கு அருவருப்பாக இருந்தது. என்னிடம் யாரும் கத்தவில்லை. சூப்பர்வைசர் டோக்கனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். செத்தவனின் சட்டைப்பையிலிருந்து எடுத்தது. நாற்பத்தேழு. அதிகாரி, மின்விசிறியைப் போடச் சொல்கிற குரலில், "அத மாட்டிடுங்கம்மா, ரிஜிஸ்டரையும் பாத்துக்குங்க" என்றார். நான் குடத்துத் தண்ணீரில் அதைக் கழுவினேன். சுண்ணாம்பும் ரத்தமும் சேர்ந்து பிசுபிசுவென்று இருந்தது, இரண்டு தடவை தேய்க்க வேண்டியிருந்தது. மாட்டினேன். காலையில் நீல மையில் போட்டிருந்த வருகையைப் பிளேடால் சுரண்டிவிட்டுச் சிவப்பு மையில் எழுதினேன். வயலின் எதுவும் வாசிக்கவில்லை. ஒரு மணிக்குச் சாப்பிட்டேன். அன்றைக்கு அவனோடு வேலை பார்த்த ஒப்பந்த ஆட்களை மறுநாளே வேறு குவாரிக்கு லாரி ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்த சாட்சி நான் ஒருத்திதான். என் வேலையும் என் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும்தான் அப்போது எனக்குத் தெரிந்தன. அது காரணம்தான், சமாதானம் ஆகாது.

அவள் போனை நிறுத்தினாள். திரையில் அந்த டோக்கன் அப்படியே நின்றது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பலகையில உங்க கை தவிர வேற கை படாதுன்னு சொன்னீங்கல்ல."

"ஆமா."

"அந்த ஆளு டோக்கன் அன்னைக்கு ஆணியில இருந்துச்சுன்னு ஆபீஸ்ல காட்டுனாங்க. நானே பாத்தேன்."

நான் கீழே கிடந்த ரிமோட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அப்ப… அவரு வேலைக்கு வந்தாரா?"

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் வாயில் 'அவரு' என்று வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம், வேறு கிளார்க் என்று சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள். ஆனால் சொல்ல முடியவில்லை.

"வந்தாரு. காலைல என் கையாலதான் வாங்கிட்டுப் போனாரு. குடிக்கல. நல்லாத்தான் இருந்தாரு."

அவள் அழுவாள் என்றும், அடிப்பாள் என்றும் எதிர்பார்த்தேன். விரல்களை விரித்து வைத்துக்கொண்டு அந்தக் கறையையே பார்த்தாள். பிறகு, "பதினோரு வருஷம் நான் அவருக்கு ஒரு உருண்டை சோறு வைக்கலக்கா" என்றாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். வடித்து வைத்த சோறு அப்படியே இருந்தது.

அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. தொடர் ஏழாவது எபிசோடோடு முடிந்தது. தனியாகப் பார்த்தேன். கிளார்க் பெண் கோர்ட்டில் கூண்டேறி உண்மையைச் சொல்கிறாள், ஆலைத் தொழிலாளிகள் அவளைச் சூழ்ந்துகொண்டு கை தட்டுகிறார்கள், செத்தவனின் மனைவி அவளைக் கட்டிக்கொள்கிறாள். குழுவில் எல்லாரும் கண்ணீர்விட்டு எழுதியிருந்தார்கள். 'டைம் ஆபீஸ் அம்மா என்ன சொல்கிறார்?' என்று கேட்டிருந்தார்கள். மல்லிகைப்பூவில் ஆரம்பித்த அத்தனை பொய்யையும் பிடித்தவள்தான் நான். இந்தப் பெரிய பொய்யைப் பற்றி எழுத என் கை வரவில்லை. குழுவிலிருந்து விலகிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள். நான் எடுத்த எடுப்பில், "எழுதிக் குடுக்கறேன்டி, எங்க வேணா வந்து சொல்றேன், வக்கீலப் பாப்போம்" என்று படபடவென்று பேசினேன்.

"அது அப்புறம். நாளைக்கு அமாவாசை. மொதல்ல வந்து அவருகிட்ட சொல்லுங்க" என்றாள்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். போட்டோவைத் துடைத்துச் சந்தனம் வைத்துச் சுவரோரம் நிறுத்தியிருந்தாள். முன்னால் தலைவாழை இலை. வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, வடை, பாயசம், எல்லாமே அளவுக்கு மீறி இருந்தன. பதினோரு வருடத்துச் சமையலை ஒரே நாளில் செய்துவிட்டவள்போல இருந்தது. உடையார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிற மகளும் வந்திருந்தாள். அவள் என்னை 'வாங்க' என்று சொல்லவில்லை.

"சொல்லுங்க" என்றாள் இவள்.

நான் இலைக்கு முன்னால் நின்றேன். அவனை உயிரோடு பார்த்தபோது ஒரு நம்பருக்கு மேல் நினைத்ததில்லை.  சத்தமாகத்தான் சொன்னேன், மகள் காதிலும் விழ வேண்டும் என்று.

"தம்பி, அன்னைக்கு நீங்க வேலைக்கு வந்தீங்க. குடிக்கல. சத்தியத்தக் காப்பாத்துனீங்க. உங்க டோக்கனைக் கழுவி மாட்டுனது நான். ரிஜிஸ்டர்ல சொரண்டி எழுதுனதும் நான்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இவள் சூடம் ஏற்றினாள். போட்டோவுக்கு அருகில் குனிந்து, ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில், "கேட்டுச்சாங்க? சாப்புடுங்க" என்றாள். ஒரு பிடி எடுத்துப் போய் ஓட்டின் மேல் வைத்தாள். காக்கை வரக் கொஞ்ச நேரம் ஆனது. வரும் வரைக்கும் யாரும் அசையவில்லை.

பிறகு உள்ளே பந்தி போல இலை போட்டார்கள். மகளுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேருக்கு. நான் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். படையல் போட்ட வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. வழியில் போகிறவரைக்கூடக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஒரு மணிக்கு பஸ் இருக்குக்கா" என்றாள்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.