தாய்வீட்டில் பிறந்த குற்றம்

எந்த அலுவலகத்திலும் உட்கார்ந்து படிவம் நிரப்ப என்னால் முடியாது. நின்றுகொண்டேதான் நிரப்புவேன். ‘பிறந்த இடம்’ என்ற கட்டம் வந்ததும் கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்யட்டும், அவர்களுக்கு அந்தக் கட்டம் ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை.

ரப்பர் விலை விழுந்து பினாங்கே முகம் தொங்கிக் கிடந்த காலம் அது. அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு கிட்டங்கியில் கிராணி, சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா. ஆட்குறைப்பில் எப்படியோ தப்பினார், சம்பளம்தான் பாதியாயிற்று. நானும் தங்கையும் அரசாங்க உதவியோடு நடந்த ஒரு பெண்கள் இங்கிலீஷ் பள்ளியில் படித்தோம். எனக்குப் பதினாறு வயது, அவளுக்குப் பன்னிரண்டு. நான் வகுப்பில் முதல். அவளோ மணியடிப்பதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பவள். கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவச இடம் தரும் என்று அறிவித்தார்கள். அப்பா எங்கள் இருவருக்குமே மனுப் போட்டார்.

பதில் வந்தது. தங்கைக்கு உண்டு, எனக்கு இல்லை. இந்த நாட்டில் பிறக்காத பிள்ளைக்கு அரசாங்கப் பணம் கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

நான் அந்நிய நாட்டு மாணவியாம்! ஐந்து மாதக் குழந்தையாக வந்து இறங்கியவள் நான். தவழ்ந்தது, நடந்தது, விழுந்து பல்லை உடைத்துக்கொண்டது எல்லாம் இங்கேதான். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளில் பாதி ஹொக்கியன் சீனம், மீதி மலாய். இந்தியாவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூட வரைபடத்தில் இருந்ததுதான்.

நடந்தது இவ்வளவே. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் சனங்களுக்குக் கோயில் கட்டளைக்கு அடுத்த கட்டளை. ஏழாம் மாதத்தில் அம்மாவைக் கப்பலேற்றி நாகப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள். வழி முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டே போய், என்னைப் பெற்று, தூக்கிக்கொண்டு திரும்பினாள். இரண்டாவது பிள்ளைக்கு யார் கப்பலேறப் போகிறார்கள்? தங்கை எங்கள் வீட்டுப் பின்னறையில், அடுத்த தெரு மலாய் மருத்துவச்சியின் கையில் பிறந்தாள். அவளுக்கு ‘சூராட் பெரானாக்’ உண்டு, அதாவது இங்கே பிறந்ததற்கு அரசாங்கம் கொடுத்த காகிதம். சீரும் சிறப்புமாகப் பிறந்த நான் அந்நியக்காரி, ஏனோதானோவென்று பிறந்தவள் நாட்டுக்காரி. நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்கும் குழாயடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

“கவர்மெண்டு சொல்றதுல என்னம்மா தப்பு?” என்றார் அப்பா. “இங்க உள்ளவங்க வரிப்பணம். இங்க பொறந்த புள்ளைங்களுக்கே பத்தல. கப்பல்ல வர்றவங்க எல்லாம் சும்மா படிச்சா, யாரு குடுப்பா?”

“நீங்களுந்தான வரி கட்டுறீங்க? அது எந்த ஊருக்குப் போகுதுப்பா?”

“எதுத்துப் பேசாத.”

“ஊருக்குப் போனா அங்க உள்ள கவர்மெண்டு எனக்குக் குடுக்குமா? பினாங்குக்காரிதான நீன்னு கேக்க மாட்டான்?”

அப்பா பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “போதும்லா ரெண்டு பேரும். எல்லாம் என்னால வந்தது. இங்கயே பெத்துருக்கலாம். போகாட்டி மானம் போயிரும்னாங்க, போனேன்.” சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் இன்னும் கூடியது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

தலைமையாசிரியை அப்பாவையும் என்னையும் கூப்பிட்டனுப்பினார். அவர் வெள்ளைக்காரர், கண்டிப்பானவர், ஆனால் என்மேல் பிரியம் உண்டு. பெரியவள் விஷயத்தில் உங்கள் எழுத்தைத் தவிர வேறு அத்தாட்சி எதுவும் மனுவில் இல்லை, ஒருவேளை நீங்கள் தவறி எழுதிவிட்டீர்களோ, அப்படியானால் திருத்திக் கொடுங்கள், மறுபடி அனுப்புகிறேன் என்றார். படிவத்தையும் பேனாவையும் அப்பா பக்கம் நகர்த்தினார்.

பினாங்கு. ஒரே ஒரு சொல். நான் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுது, எழுது என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

“நோ மேடம்,” என்றார் அப்பா. “இந்தியாவில்தான் பிறந்தாள்.”

வீடு வரைக்கும் அவருக்கு நாலடி முன்னாலேயே நடந்தேன். ஊர் உலகத்தில் இல்லாத யோக்கியர்! மகள் படிப்பைக் கொடுத்து நல்ல பெயர் வாங்குகிறார்! இப்படியெல்லாம் மனதுக்குள் திட்டினேன். ஒரு மாதம் அவரோடு நான் பேசவில்லை. கட்டணம் கட்டாததால் பள்ளியில் பெயரை எடுத்துவிட்டார்கள். தங்கை மட்டும் தினமும் சீருடை போட்டுக்கொண்டு சிணுங்கிச் சிணுங்கிப் போனாள். எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது.

அடுத்த மாதம் தலைமையாசிரியை ஆளனுப்பினார். சின்ன வகுப்பு ஆசிரியை கல்யாணமாகிப் போய்விட்டார், காலையில் வந்து அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள், மதியம் உன் வகுப்பில் உட்கார்ந்துகொள் என்றார். கூலியும் உண்டு, அதே அரசாங்க உதவிப் பணத்திலிருந்து. எனக்குப் படிப்புச் சொல்லித்தர மறுத்த பணம் நான் சொல்லித்தருவதற்கு மட்டும் கைநிறைய வந்தது. எங்கே பிறந்தாய் என்று அப்போது யாருமே கேட்கவில்லை. காலைப் பாடங்கள் அத்தனையும் போனதில் வகுப்பில் முதல் என்ற பெயரும் போனது, பரீட்சையில் தட்டுத் தடுமாறித்தான் தேறினேன். தங்கை ஏழாம் வகுப்பு வரை இலவசமாகக் கொட்டாவி விட்டுவிட்டுத் தையல் கற்றுக்கொள்ளப் போனாள்.

நான் அந்தப் பள்ளியிலேயே ஆசிரியையாக நிலைத்தேன். இங்கிலீஷ் தெரியாத தமிழ்த் தாய்மார்களுக்கு இலவச இட மனுவை எழுதிக் கொடுப்பது என் வேலையாயிற்று. ஒரு நாள் ஒருத்தி தன் மகளோடு வந்தாள். புருஷன் தெருக்கூட்டும் வேலையில் இருந்தான். மகள் என் வகுப்புதான். கணக்குச் சொன்னால் நான் வாய் மூடுமுன் விடை சொல்வாள், உட்கார்ந்த இடத்தில் ஒரு நிமிடம் இருக்க மாட்டாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

“எங்க பொறந்தா?”

“எங்கம்மா வீட்டுலதான் டீச்சர், நாகப்பட்டணத்துல.” அவள் முகம் மலர்ந்துவிட்டது. “தலைப்புள்ள இல்லையா? எங்க வீட்டுல அப்படிப் பாத்துக்கிட்டாங்க.”

“காகிதம் ஏதாச்சும் இருக்கா?”

“இல்ல டீச்சர். நாஞ் சொல்றதுதான்.”

நான் எழுந்து நின்றுகொண்டேன். கால் ஆடியது. அறையில் வேறு யாரும் இல்லை. என்ன எழுதினாலும் அவள் அடியில் பெருவிரலை வைப்பாள், வேறு யாரும் கேட்கப் போவதில்லை. எத்தனையோ வருடம் முன்னால் அப்பாவின் கையிலிருந்து நான் எதிர்பார்த்த சொல், இப்போது என் பேனாவில்.

இந்தியா என்று எழுதினேன்.

அதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அது பயம். பொய் வெளியே வந்தால் எழுதியவள் யார், அவள் எங்கே பிறந்தவள் என்று கிளறுவார்களே என்ற பயம். அன்று தலைமையாசிரியையின் மேசைக்கு முன்னால் அப்பாவுக்குள் இருந்ததும் இதுதானோ என்று அப்போதுதான் தோன்றியது. பாதிச் சம்பளத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கிராணி வேறு எதைச் சொல்லியிருப்பார்? அன்று மாலை வீட்டுக்குப் போய் அவர் கேட்காமலே தேநீர் கலந்து கொடுத்தேன். என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மனு தள்ளுபடியாகி வந்தது, அடுத்த தவணைக்கு அந்தப் பிள்ளை வரவில்லை. பதிவேட்டில் அவள் பெயரைக் கோடு போட்டு அடித்தது நான்தான். நின்றுகொண்டே அடித்தேன்.