பழனி அண்ணன் கூண்டில் இல்லவே இல்லாத பூச்சி

பிராணி மருந்துக் கடையில் உட்காருகிறவருக்கு முதலில் வரும் வியாதி, எதிரில் நிற்பவர் சொறிந்தால் தானும் சொறிவது. நாய்க்கும் கோழிக்கும் மருந்து விற்கும் சக சொறிவாளர்களே, உங்களுக்காக ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். புறா வளர்க்கும் பழனி அண்ணனை நான் ஏமாற்றிய கதை. கேட்டால் வயிறு வலிக்கும். ஆனால் இப்போதே சொல்ல மாட்டேன். ப்ளஸ் டூ லீவில் தண்டையார்பேட்டை கடையில் சித்தி என்னை வாடிக்கையாளருக்காகக் காத்திருக்க வைத்த மாதிரி, நீங்களும் கொஞ்சம் காத்திருங்கள்.

கால் கணக்கு

சித்திக்குத் தூத்துக்குடிப் பக்கம். கடையில் சேர்ந்த அன்றே பாடம் எடுத்தாள். "ஏட்டி, ஆறு காலுன்னா பேன். எட்டு காலுன்னா உண்ணி, சிற்றுண்ணி. இந்தக் கடைசி ரெண்டும் எட்டுக்கால் பூச்சிக்குச் சொந்தக்காரவுக. மருந்து வேற வேற, மாத்திக் குடுத்திராத." நான் அதை அவள் குரலிலேயே அவளுக்குத் திருப்பிச் சொன்னேன். தலையில் குட்டு விழுந்தது.

மீன் விற்கும் அக்கா ஒருவர் தன் நாயிடமிருந்து எடுத்த ஒன்றைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். லென்ஸை வைத்து எண்ணினேன். ஆறு. "பேன்தான்க்கா" என்றேன் பெரிய டாக்டர் போல. சித்தி எட்டிப் பார்த்தாள். "உண்ணிக் குஞ்சுட்டி இது. பொறக்கையில ஆறு காலுதான், வளந்தாத்தான் எட்டு." என் மானம் தீப்பெட்டிக்குள் போய்விட்டது. அக்கா மட்டும் ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது வளர வளர காலு ஏறுது. எங்க வூட்டுக்காருக்கு கீறதே ரெண்டு, சாய்ந்தரம் ஆனா அதுவும் நிக்க மாட்டேங்குது."

துணைக்கு ஆள்

சிரிப்பு இதுவல்ல. பொறுங்கள்.

எண்ணூரில் தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு வெல்டர் அண்ணன், சொறி பிடித்த தெருநாயை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தார். அவர் கையிலும் தடிப்பு. "இது குடும்பத்தோட எம்மேலயும் குடியேறிட்ச்சா?" என்று பயந்தார். இல்லை என்றேன். நாயின் தோலைத் துளைத்து வாழும் சிற்றுண்ணி மனிதன் மேல் ஏறினால் கொஞ்ச நாள் அரிக்கும். ஆனால் நம் தோல் அதற்குச் சரிப்படாது, குடித்தனம் நடத்த முடியாமல் செத்துவிடும். நாயைக் குணப்படுத்தினால் இவருக்கும் அடங்கும். அடங்காவிட்டால் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன்.

அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "மனுசனுக்குன்னே தனியா ஒரு சிற்றுண்ணி சாதி இருக்குண்ணே. மூஞ்சில, முடி வேர்ல. பெரியவங்க எல்லார்கிட்டயும் இருக்கும், ஒண்ணும் பண்ணாது" என்றேன். அலறுவார் என்று எதிர்பார்த்தேன். புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரூம்ல நான் ஒண்டி ஆளுன்னு நெனச்சினு கீறேன் பாப்பா இத்தினி நாளா."

திருஷ்டி

இப்போது பழனி அண்ணன் வருகிறார். இன்னும் சிரிக்க வேண்டாம், ஏனென்றால் அவர் அழுகிற முகத்தோடுதான் வந்தார். ராணி என்ற அவருடைய வெள்ளை ஹோமர் இனப் பந்தயப் புறாவின் போன ஈட்டுக் குஞ்சுகள் இரண்டும் வெளுத்துப் போய்ச் செத்துவிட்டன. புது ஈட்டில் பொரித்த இரண்டும் அதே மாதிரி வாய்க்குள் வெளுத்துக்கொண்டு வந்தன. புறாவைப் பிடித்துப் பார்த்தால் ஒரு பூச்சியும் இல்லை. கூண்டு வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டிவிட்டு, சத்து டானிக் கேட்டு வந்திருந்தார்.

"அண்ணாச்சி, செல்லுன்னு ஒரு சிற்றுண்ணியா இருக்கும்" என்றாள் சித்தி. "அது பகல்ல புறா மேல இருக்காது. பலகை இடுக்குல ஒளிஞ்சி கெடந்து, ராத்திரி வந்து ரத்தத்தைக் குடிச்சிட்டுப் போயிரும். கூண்டுக்கு மருந்து அடியுங்க." புறாக்காரரிடம் கூண்டில் பூச்சி என்பது, வீட்டுக்கு வந்து சமையலறையை மோந்து பார்ப்பது மாதிரி. பழனி அண்ணன் டானிக் பாட்டிலைக் கூடத் தொடவில்லை. "எம் பொண்டாட்டி திட்டத் திட்ட, வூட்ட வுட்டுட்டு கூண்ட கழுவுறவன் நானு. எங்கூண்டுல பூச்சியா?"

மாமா பேசுகிறார்

பழனி அண்ணன் இந்த உலகத்தில் ஒரே ஒருவர் சொன்னால்தான் கேட்பார்: டில்லி மாமா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், புறாக்காரர்களுக்கெல்லாம் நாட்டாமை. குரல் துருப்பிடித்த ஷட்டரை இழுப்பது போல இருக்கும். கடைக்கு அவர் வரும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு, அந்தக் குரல் எனக்கு அத்துப்படி. குஞ்சுகளுக்கோ நேரம் இல்லை. சித்தி சாப்பிடப் போனதும் என் போனிலிருந்து கூப்பிட்டேன்.

"டேய் பழனி, மாமா பேசுறேன். இது மருமவன் போனு. தோ பார், பலகை சந்துல வெள்ளத் துணிய வுட்டுத் தேய்டா, சோம்பேறி. செவப்பா வந்தா அது உன் ராணியோட ரத்தம்." இரண்டு இருமலும் சேர்த்துவிட்டுப் போனை வைத்தேன்.

சாயங்காலமே ஓடிவந்தார். கையில் சிவப்புத் தீற்றல்களோடு ஒரு வெள்ளை பனியன். மருந்தை வாங்கிக்கொண்டு, கடையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "போன்லயே கண்டுபுட்ச்சாரு எங்க மாமா. நீங்களும் கட வச்சினு கீறீங்களே!"

ஷட்டர் திறந்தது

புறாக்களை வேறு இடத்துக்கு மாற்றி, கூண்டை வெந்நீர் ஊற்றிக் கழுவி, மருந்தடித்து, இடுக்கையெல்லாம் அடைத்தார். குஞ்சுகள் பிழைத்தன. ஒரு குஞ்சைத் துண்டில் சுற்றி எங்களுக்குக் காட்ட எடுத்துவந்தார். வாய்க்குள் ரோஸ் நிறம்.

ஆனால் அவர் சொன்ன சேதி வயிற்றெரிச்சல். எல்லோர் முன்னாலும் டில்லி மாமாவுக்கு நன்றி சொன்னாராம். அந்த மனுஷர் கொஞ்சம் கூடக் கூசாமல், "ஆமா, நான்தான சொன்னேன்" என்று மீசையைத் தடவினாராம். பழனி அண்ணன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புறாக்களுக்குக் கடைச் சாக்கிலிருந்து கம்பு அள்ளியபடி மாமா புராணம் பாடினார். என்னால் தாங்க முடியவில்லை. மாமாவின் ஷட்டர் குரலை இழுத்துவிட்டேன்.

"அத கீழ சிந்தாம எட்றா, சோம்பேறி."

"சரி மாமா" என்றார், கம்பைப் பொறுக்கிக்கொண்டே. பிறகு கை நின்றது. மெதுவாகத் திரும்பினார். சித்தி உள்ளே போயிருந்தாள்; கடையில் நானும் குஞ்சும் மட்டும்தான். குஞ்சை ஒரு முறை பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அடிப்பாவி! அன்னிக்கு செருப்ப கயட்டிட்டு நின்னுகினு போன்ல பேசுனேனேமே!"

ஒவ்வொரு சிற்றுண்ணிக்கும் ஒட்டிக்கொள்ள ஒரு ஆள் எழுதியிருக்கும் என்கிறார்கள்; எனக்குப் பழனி அண்ணன் வாய்த்தார், பாவம், மருந்தும் இல்லை.