என் மாணவி கற்றுக்கொடுத்த சங்கிலித் தையல்

என்னைப் பெண் பார்க்க வேடசந்தூரிலிருந்து வந்தவர்கள் முன்னால் அம்மா ஒரு தலையணை உறையை விரித்துக் காட்டினார். நீலத் துணியில் சிவப்பு ரோஜா. "எல்லாம் எங்க பொண்ணு கைவேலதான்" என்றார். அது பக்கத்து வீட்டு மருமகள் போட்டது. மறுநாளே துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். எனக்குச் சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியும். அதுவும் சில சமயம் கழன்று விழாமல் நிற்கும்.

கல்யாணம் ஆனபின் இதையெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள் என்று அம்மா தைரியம் சொல்லியிருந்தார். உண்மைதான், என் மாமியார் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நேராகத் தெருவுக்கே சொல்லிவிட்டார். நான் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, எதிர்வீட்டுப் பெண் வெள்ளைத் துணி, வட்டச் சட்டம், நூல்கண்டோடு வந்து நின்றாள். எனக்குப் பத்தொன்பது வயது, அவளுக்குப் பதினேழு.

"எங்க மருமக ரோசாப்பூ போட்டா வண்டு வந்து உக்காரும். நல்லாக் கத்துக்க தாயி" என்று அத்தை எங்களை முன்னறையில் உட்காரவைத்தார். பிறகு தானும் எதிரே உட்கார்ந்து புளியில் கொட்டை எடுக்க ஆரம்பித்தார்.

மூன்று தரம் எச்சில் தொட்டும் ஊசியின் காதில் நூல் நுழையவில்லை. எப்படித்தான் தோன்றியதோ, ஊசியை அவளிடமே நீட்டினேன்.

"மொதல்ல ஒனக்கு என்ன தெரியும்னு போட்டுக் காட்டு."

"சங்கிலித் தையல் கொஞ்சம் தெரியும் மதினி."

போட்டாள். துணியின் அடியிலிருந்து ஊசி மேலே வந்தது. நூலை இடது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, வந்த துளையிலேயே ஊசியை இறக்கி, ஒரு நெல் நீளம் தள்ளி எடுத்தாள். இழுத்ததும் ஒரு கண்ணி விழுந்தது. அதற்குள்ளிருந்து அடுத்தது.

"தேவல. இன்னொரு தடவ, மெதுவா" என்றேன்.

மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்து, கணவரின் பழைய வேட்டியில் நானும் போட்டுப் பார்த்தேன். இழுத்ததும் கண்ணி காணாமல் போனது. மறுநாள் அவளுக்குப் பரீட்சை வைத்தேன். "நூலு எங்கிட்டு இருக்கணும், சொல்லு?"

"ஊசி மொனைக்கு அடியில மதினி. இல்லாட்டிக் கண்ணி விழாது."

"சரி" என்று தலையாட்டினேன்.

பத்து நாளில் நானும் ஒரு பூ போட்டேன். கத்தரிக்காய் போல இருந்தது. அவளுடைய பூவைப் பார்த்து அத்தை, "கத்துக்கிறவளே அம்புட்டு அழகாப் போடுறான்னா, சொல்லிக்குடுக்கிறவ கை எப்படி இருக்கும்" என்று பூரித்தார்.

மூன்று மாதம் போனது. ஒருநாள் அத்தை சந்தைக்குப் போயிருந்தபோது மனசு கேட்காமல் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மொத நாளே தெரியும் மதினி."

"அப்புறம் ஏன் வந்தே?"

"வீட்டுல இருந்தா மாவாட்டணும். தையலுன்னாத்தான் விடுறாக."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. மூன்று மாதம் எவ்வளவு பாடுபட்டு நடித்திருக்கிறேன்!

தை மாதம் அவளைப் பார்க்க வத்தலக்குண்டிலிருந்து வந்தார்கள். அவள் தானே போட்ட மேசைவிரிப்பைக் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளையின் தாயார் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கடையில வாங்குனது மாதிரில்ல இருக்கு. இங்கனயே நாலு கண்ணி போடச் சொல்லுங்க."

அத்தனை பேர் பார்க்க அவள் போட்ட முதல் கண்ணி இழுத்ததும் காணாமல் போனது. கண்ணில் நீர் தளும்பிவிட்டது. நான் துணியை வாங்கி, எனக்குத் தெரிந்த அந்த ஒரே தையலில் நாலு கண்ணி போட்டேன். "இவதான் சொல்லிக்குடுத்தது" என்றார் அத்தை. அந்த அம்மாளுக்குச் சந்தேகம் தீர்ந்தது. அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

சித்திரையில் அவள் வத்தலக்குண்டுக்குப் போய்விட்டாள். இந்தச் சேதி பரவியதில் அத்தை இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிவந்தார். அவர்களுக்கு ஊசி பிடிக்கக்கூடத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் நிஜமாகவே சொல்லிக்கொடுத்தேன்.